கனகவல்லி டீச்சரின் வெள்ளிக்கிழமைக் கணக்கு

புதன்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, திருவள்ளூரில் உள்ள எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஊத்துக்கோட்டை நிருபர் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கத்து மழைச் செய்தியையும் ஆற்றில் தண்ணீர் வந்த செய்தியையும் சொல்லி முடித்தார். பிறகு, "சார், இன்னொண்ணு. அந்த சூதாட்ட டீச்சர் பூட்டாங்க சார். நேத்து சாயங்காலம். போடலாமா?" என்றார்.

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அந்தப் பெயர் ஒருவருக்குத்தான் இருந்தது. கனகவல்லி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது ஐம்பத்தொன்று. மூன்று நாள் காய்ச்சல். அவருக்கு அந்தப் பெயரை வைத்தது ஊர் அல்ல, நான். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஆறு வரிச் செய்தியின் தலைப்பிலிருந்து அது கிளம்பியது. இப்போது அவர் இறந்த செய்தியும் அந்தப் பெயரோடுதான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கட்டுரையில் வழக்கமாக இருக்கும் மென்மையை இதில் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பெயரை அவரிடமிருந்து பிடுங்கி, அதற்கு உரியவரிடம் சேர்ப்பதற்காக எழுதுகிறேன். உரியவர் அந்தப் பள்ளியின் தாளாளர். உயிரோடு, நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். தன் பெயரை அச்சில் பார்ப்பதற்காகவே எங்கள் அலுவலகப் படியை அடிக்கடி ஏறியவர் அவர். அந்தச் சந்தோஷத்தை இந்த முறை அவருக்குத் தருவதாக இல்லை.

கனகவல்லி டீச்சர் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். அறுபதுகளின் நடுவில், ஊத்துக்கோட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ள அந்தப் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் போவார், சனிக்கிழமை மதியம் திரும்புவார். நிகழ்தகவு என்ற சொல் அன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பாடத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணியில், அந்த வாரப் பாடம் முடிந்திருந்தால் மட்டும், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் 'வாய்ப்புக் கணக்கு' சொல்லிக்கொடுத்தார். கூடவே புதிர்களும் போடுவார்.

அவரிடம் படித்த சம்பூரணம் இப்போது வேப்பம்பட்டில் குடியிருக்கிறார். முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் சொன்னது இது. டீச்சர் கரும்பலகையில் ஒரு புதிரை எழுதினார். மேசைமேல் இருந்த மாங்காயை மூன்று பேரில் ஒருவன் எடுத்துவிட்டான். முதலாமவன், 'இரண்டாமவன்தான் எடுத்தான்' என்கிறான். இரண்டாமவன், 'நான் எடுக்கவில்லை' என்கிறான். மூன்றாமவனும், 'நான் எடுக்கவில்லை' என்கிறான். மூவரில் ஒருவன் மட்டுமே உண்மை சொல்கிறான். எடுத்தவன் யார்?

பின் பெஞ்சிலிருந்து ஏழுமலை என்ற மாணவன் எழுந்தான். "இன்னா டீச்சர், இதுக்குப் போயி இவ்ளோ யோசிச்சிக்கினு. மூணு பேருக்கும் ரெண்டு சாத்து சாத்துனா தானா சொல்லிட்றாங்க."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அடிச்சா, அடிக்குப் பயந்தவன் யாருன்னு தெரியும். எடுத்தவன் யாருன்னு தெரியாது. உட்காராதே. ஒவ்வொருத்தனா எடுத்தான்னு வச்சுண்டு பாரு. எத்தனை பேர் சொன்னது நிஜமாறதுன்னு எண்ணு."

ஏழுமலை நின்றுகொண்டே விரல் விட்டு எண்ணினான். முதலாமவன் எடுத்திருந்தால் இரண்டு பேர் சொன்னது உண்மையாகிறது. இரண்டாமவன் எடுத்திருந்தாலும் இரண்டு பேர். மூன்றாமவன் எடுத்திருந்தால் மட்டுமே ஒருவர். "மூணாவதா கீறவன் டீச்சர்!" என்று கத்தினான். பிரம்பைத் தொடாமல் ஒரு திருடன் அகப்பட்டதை அந்த வகுப்பு அன்றுதான் பார்த்தது என்று சம்பூரணம் சொன்னார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை வகுப்பை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் வீட்டில் ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதி வர வேண்டும். மீதிப் பேர் சுண்டவே கூடாது. சுண்டியதுபோல மனத்தில் நினைத்து எழுதி வர வேண்டும். யார் எந்தக் கூட்டம் என்று அவரிடம் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை நோட்டுகளை ஒரு புரட்டுப் புரட்டி, இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார். நாற்பத்திரண்டு நோட்டில் ஒன்றே ஒன்றுதான் தவறாகப் போயிற்று. பிள்ளைகள் மந்திரம் என்றார்கள்.

"மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நாணயத்துக்குக் கூச்சம் கிடையாது. அஞ்சு தடவை, ஆறு தடவை தலையே விழும். வெக்கப்படாது. நீங்க மனசால எழுதறபோது மூணு தலை வந்ததும் உங்களுக்கே கூச்சம் வந்துடறது. யாராவது சந்தேகப்படுவான்னு சட்டுனு பூ போட்டுடறேள். பொய்க்குத்தான் ஒழுங்கா தெரியணும்னு கவலை."

இதெல்லாம் வகுப்பறைக்குள் நடந்தவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தார்கள். அங்கே வந்த ஒரு தொழிற்சாலை, நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு வேலைப் பயிற்சி தருவதாகச் சொன்னது. பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம். அறுபது பேர் மனுப் போட்டார்கள். குலுக்கல் நடத்தும் பொறுப்பைத் தாளாளர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பள்ளி மைதானத்தில், அந்தப் பக்கத்து வழக்கப்படி, சீட்டுகளைப் பித்தளைக் குடத்தில் போட்டு, வாயில் மஞ்சள் துணி கட்டிக் குலுக்கினார்கள். துணிக்குள் கையை விட்டு எடுத்தவர் தாளாளர். அறுபது பேரில் அவருடைய சொந்தக்காரர்கள் ஒன்பது பேர். எடுத்த எட்டுச் சீட்டில் ஆறு அந்த ஒன்பது பேருடையவை.

"அவங்கவங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தாளாளர் சோடா குடித்தார். நான் அங்கே இருந்தேன். அதையும் செய்தியாகப் போட்டேன்.

சம்பூரணத்தின் அண்ணன் சீட்டு வரவில்லை. அவர்கள் தகப்பனார் தேசப்பன் தன் நிலம் முழுவதையும் கொடுத்தவர். அடுத்த வெள்ளிக்கிழமை சம்பூரணம் வகுப்பில் எழுந்து, "டீச்சர், ஒம்போது பேருல ஆறு பேருக்கு வரது அதிர்ஷ்டமா?" என்று கேட்டார். டீச்சர், "நாமே எடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

ஏழுமலை புளியங்கொட்டை கொண்டுவந்தான். ஒன்பதை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தான். டீச்சர் வேண்டாம் என்றார். தேய்த்தது விரலுக்குத் தெரிந்துவிடும், கை கண்டுபிடிக்கக் கூடாது என்றார். பிறகு மொச்சைக்கொட்டை வந்தது. அறுபது கொட்டை. ஒன்பதில் மட்டும் மசிப் புள்ளி. ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி எட்டு எடுத்து, புள்ளி வைத்தவை எத்தனை என்று குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளிலும் சாப்பாட்டு இடைவேளைகளிலுமாக ஆயிரம் முறை எடுத்தார்கள். பெரும்பாலும் ஒன்று வந்தது, அல்லது இரண்டு, அல்லது ஒன்றுமே இல்லை. நான்கு வந்தது பதினொரு முறை. ஐந்து ஒரே முறை. ஆறு வரவே இல்லை.

அதை ஒரு பெரிய காகிதத்தில் அட்டவணையாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். அதில் யார் பெயரும் இல்லை. 'அறுபதில் ஒன்பது, எட்டு எடுத்தால்' என்று மட்டும் தலைப்பு. தேசப்பன் ஒருநாள் பள்ளிக்கு வந்து அதன் எதிரே நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னாம்மா இது?"

"நைனா, ஆயிரம் தபா எடுத்தோம். ஆறு ஒரு தபா கூட வரல" என்றார் சம்பூரணம்.

தேசப்பன், "அப்போ அந்தாளுக்கு மட்டும் மொத தபாவே வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி இரண்டு நாளில் ஊர் முழுவதும் போய்விட்டது.

மூன்றாம் நாள் தாளாளர் என்னை வீட்டுக்கு அழைத்தார். நாஷ்டா போட்டார். பூரி. அவர் பள்ளியில் ஒரு ஆசிரியை வகுப்பறைக்கு நாணயமும் தாயக்கட்டையும் கொட்டையும் கொண்டுவந்து பிள்ளைகளுக்குச் சூது பழக்குவதாகச் சொன்னார். பள்ளி அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. வெயில் அதிகம் என்று நினைத்தேன். 'வகுப்பறையில் சூதாட்டம்: ஆசிரியை மீது புகார்' என்ற தலைப்பில் ஆறு வரி எழுதினேன். அந்தச் செய்தியைக் காட்டியே டீச்சரைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்தார்கள். அவருடைய தகப்பனார் அந்தப் பத்திரிகையை மடித்து மகள் கையில் கொடுத்தார். அதன் பிறகு தான் இறக்கும்வரை மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அவருடைய தங்கை நேற்றுச் சொன்னார்.

டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நீங்கதானே எழுதினேள்?"

"ஆமாம். தாளாளர் சொன்னார்..."

"முதல்ல ஓடிவந்து சொல்றவன் பேச்சை மட்டும் கேக்கறதுன்னா, நான் வகுப்புல ஒரு புதிர்கூடப் போட முடியாது. இன்னும் ரெண்டு பேரைக் கேக்கணும்னு தோணலையா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம். மன்னிக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. செவ்வாய்க்கிழமை விசாரணை. வந்து உட்காருங்கோ. எழுத வேண்டாம். பார்த்தாப் போறும்."

விசாரணைக்குக் கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பொறுமையானவர். முதலில் தாயக்கட்டையைப் பற்றிக் கேட்டார். "வைகுண்ட ஏகாதசிக்கு எங்காத்துல பரமபதம் ஆடற கட்டை சார் அது. பெருமாளே ஆட்சேபிக்கலை" என்றார் டீச்சர். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார்.

பிறகு அட்டவணையின் பேச்சு வந்தது. தாளாளர் இதற்குத் தயாராக வந்திருந்தார். அங்கேதான் அவர் தன் வாழ்நாளின் பெரிய தப்பைச் செய்தார். மொச்சைக்கொட்டைக்குப் பதிலாகத் தன் பக்கமும் ஒரு சோதனை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். "நாங்களும் எடுத்துப் பார்த்தோம் சார்" என்று ஒரு நோட்டை நீட்டினார். அதே பித்தளைக் குடத்தில் முப்பது சிவப்புச் சீட்டும் முப்பது வெள்ளைச் சீட்டும் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்கி, ஐந்நூறு முறை எடுத்தார்களாம். பள்ளி கிளார்க் ராகவலு கைப்பட எழுதியிருந்தார். சிவப்பு இருநூற்று ஐம்பத்தொன்று. வெள்ளை இருநூற்று நாற்பத்தொன்பது.

"பாத்துக்கங்க சார். கொடத்துக்கு ஓரவஞ்சனையே இல்ல" என்றார் தாளாளர்.

டீச்சர் நோட்டை வாங்கி நான்கு பக்கம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் அனுமதி கேட்டு, வெளியே நின்ற சம்பூரணத்தையும் ஏழுமலையையும் உள்ளே அழைத்தார். எதைத் தேட வேண்டும் என்று சொல்லாமல் நோட்டை அவர்களிடம் கொடுத்தார். ஏழுமலை ஒரு பக்கத்தைக் கரும்பலகையில் அப்படியே எழுதினான். சம்பூரணம் விரலை வைத்துக்கொண்டே போனார். ஐந்நூறும் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"டீச்சர், மூணுக்கு மேல சேந்தாப்பல எதுவுமே வரல."

"அதுக்கு இன்னா இப்போ? நல்லா கலந்துகினு கீது" என்றார் தாளாளர்.

டீச்சர் அதிகாரியைப் பார்த்தார். "சார், உங்க பையிலிருந்தே ஒரு நாணயம் எடுத்து நூறு தடவை சுண்டுங்கோ. ஐந்நூறு வேண்டாம். நூறு போறும்."

அதிகாரி மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுண்டத் தொடங்கினார். ஏழுமலை கரும்பலகையில் குறித்தான். அறுபதைத் தாண்டியதும் தலை விழுந்தது. மீண்டும் தலை. மீண்டும், மீண்டும். ஆறாவது தடவையும் தலை விழுந்தபோது அதிகாரி நாணயத்தைத் திருப்பிப் பார்த்தார். தன் நாணயத்தையே சந்தேகப்பட்ட ஒரு மனிதரின் முகத்தை அன்று பார்த்தேன். பிறகு அவர் நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் படித்தார்.

"ராகவலு, இந்த ஐந்நூறையும் எடுத்தீர்களா?"

ராகவலு எழுந்து நின்றார். தாளாளரைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார்.

"மொதல்ல நெஜமாத்தாங்க எடுத்தேன். நாப்பது, அம்பது எடுத்திருப்பேன். செவப்பு அஞ்சு தபா சேந்தாப்பல வந்துட்ச்சிங்க. இது இன்னாடா பேஜாரு, ஐயா பாத்தா கள்ளத்தனமா எழுதிட்டேன்னு திட்டுவாரேன்னு ரெண்ட வெள்ளைன்னு மாத்திட்டேன். அப்பால எடுக்கறதே எதுக்குன்னு குந்திக்கினு எழுதிட்டேங்க. ஒழுங்கா இருக்கணும்னுதாங்க எழுதினேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. "ஒழுங்காத்தான் இருக்கு ராகவலு. அதான் கோளாறு" என்றார் டீச்சர். அதிகாரி குடத்தில் என்ன நடந்தது என்று அவரைக் கேட்டார். "குடத்துல எப்படிப் பண்ணினார்னு எனக்குத் தெரியாது சார். தற்செயல் பண்ணலைங்கறது மட்டும் தெரியும். நோட்டுல பண்ணினது எல்லாருக்கும் தெரியும்."

பணிநீக்கம் ரத்தாயிற்று. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. தாளாளர் தாளாளராகவே இருந்தார். குலுக்கலும் மாறவில்லை. தேசப்பனின் மகன் அதே தொழிற்சாலைக்கு மதில் எழுப்பியபோது செங்கல் சுமந்தான். ராகவலுவுக்கு வேலை போயிற்று. நான் எழுதிய மறுப்புச் செய்தி ஆறாம் பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. 'சூதாட்ட டீச்சர்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர்கள்கூடச் சொன்னார்கள்.

டீச்சர் தாளாளரை விடவில்லை. திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஏழுமலை படியெடுத்து வைத்திருந்த அந்த நோட்டின் பக்கத்தைக் கரும்பலகையில் எழுதினார். "இதுல பொய் எங்கே இருக்கு, கண்டுபிடிங்கோ" என்றார். அடுத்த ஆண்டு புது வகுப்புக்கும் அதே பக்கம். அதற்கடுத்த ஆண்டும் அதே. யார் எழுதியது, யார் எழுதச் சொன்னது என்று அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தாளாளரின் சொந்தப் பள்ளியில், அவர் நடந்து போகும் வராந்தாவை ஒட்டிய அறையில், ஆண்டுதோறும் நாற்பது பிள்ளைகள் அவருடைய பொய்யைத் தேடிக் கண்டுபிடித்துக் கை தூக்கினார்கள். தாளாளருடைய பேத்தியும் அந்த வகுப்பில் ஒரு ஆண்டு கை தூக்கினாள். அதன் பிறகு அவர் டீச்சரைத் தனியாகப் பார்த்து, "விட்டுடும்மா, வயசாவுது எனக்கு" என்று கேட்டிருக்கிறார். டீச்சர், "பாடம் முடியலை சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறார். கடைசியாக அவர் எடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பிலும் அந்தப் பக்கம் கரும்பலகையில் இருந்தது.

நேற்றுக் காலை தாளாளரிடமிருந்து எங்களுக்கு ஓர் இரங்கல் செய்தி வந்தது. கூடவே ஒரு புகைப்படம். டீச்சருடையது அல்ல, தாளாளருடையது. 'எங்கள் பள்ளியின் மாணிக்கம். அவருடைய புதிய முறைக் கல்விக்கு நானே ஊக்கமளித்தேன்' என்று எழுதியிருந்தார். நான் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். மதிய வெயில். நிறுத்தத்திலிருந்து தாளாளர் வீட்டுக்கு நடந்தேன்.

"வாங்க சார், வாங்க. மேட்டரு வந்துச்சா? போட்டோ நல்லா கீதா?"

"வந்தது. நீங்கள் ஊக்கமளித்தது எப்போது?"

"அட, பழச எதுக்குக் கிளறிக்கினு. செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வரி போடுங்க சார்."

"போடுகிறேன்" என்றேன். போட்டுவிட்டேன்.

அவரிடம் அந்த வெள்ளிக்கிழமைகளில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி உங்கள் காதில் யாராவது அந்தப் பழைய பெயரைச் சொன்னால், திருத்திவிட்டு மட்டும் நிற்காதீர்கள். சூதாடியது யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்லுங்கள். நான் சொல்லாததை நீங்கள் சொல்லலாம்.

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் எப்போதாவது டீச்சரைப் பார்ப்பேன். வணக்கம் சொல்வேன். பதில் வணக்கம் வராது. "இன்னிக்கு எத்தனை பேரைக் கேட்டேள்?" என்று மட்டும் கேட்பார். எட்டு ஆண்டில் ஒரு முறைகூட அதை அவர் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை. நான் எண்ணிக்கையைச் சொல்வேன். போதாது என்றால் அவர் முகத்திலேயே தெரியும். மன்னித்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் மீதமுள்ள செய்திகளை எழுதப்போகிறேன்.

இந்தக் கட்டுரைக்கு ஏழு பேரைக் கேட்டேன், டீச்சர். தாளாளரையும் சேர்த்து ஏழு. எட்டாவதாகக் கேட்க வேண்டியவர் நீங்கள். இந்த முறையும் உங்களைக் கேட்காமலேதான் எழுதியிருக்கிறேன்.